மெசையா நேரடி ஒலிப்பதிவு: கடலோரக் கோவிலில் மைக்கை எங்கே வைப்பது?

பாம்பன்_பேஸ் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பாம்பன் தீவுப் பக்கத்துப் பங்குக் கோவில்கள் சிலவற்றின் பாடகர் குழுக்கள் சேர்ந்து, ஈஸ்டர் முடிந்த இரண்டாவது சனிக்கிழமை இரவு, ஹேண்டலின் மெசையா என்ற கிறிஸ்தவ இசைப் படைப்பில் இரண்டாம், மூன்றாம் பாகங்களைப் பாடுகிறோம். அதை அப்படியே நேரடியாகப் பதிவு செய்ய வேண்டும்.

சோப்ரானோ (பெண்களின் மேல் குரல்) 11, ஆல்டோ (பெண்களின் கீழ்க் குரல்) 9, டெனர் (ஆண்களின் மேல் குரல்) 5, பேஸ் (ஆண்களின் கீழ்க் குரல்) 7. வயலின் 4, வியோலா 1, செல்லோ 1, ட்ரம்பெட் 2. ஹார்ப்சிகார்டுக்குப் பதில் கீபோர்டு. கோவில் 24 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. கடல் கூப்பிடு தூரத்தில். கையில் இருப்பது ஒரே மாதிரியான கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும்) கண்டன்சர் மைக் ஒரு ஜோடி, சாதாரண பாட்டு மைக் இரண்டு, நான்கு தடம் பதியும் ரெக்கார்டர்.

மைக்கை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைப்பது? ஃபேனை என்ன செய்வது? கோவில் ஸ்பீக்கரில் பாட்டு வர வேண்டும் என்கிறார்கள், சரியா? நடுவில் தவறு வந்தால் பிறகு ஒட்ட முடியுமா?

மண்டபம்_ஒலி

ஸ்பீக்கர் விஷயத்தை முதலில் முடிவு செய்யுங்கள். 32 பேர் பாட 24 மீட்டர் கோவிலுக்கு ஸ்பீக்கரே தேவையில்லை. போட்டால் பாடுகிறவர் வாயிலிருந்து ஒரு முறையும் சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்து இன்னொரு முறையும் அதே குரல் மைக்குக்கு வரும். அந்த இரட்டிப்பை எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. அறிவிப்புக்கும் வாசகத்துக்கும் மட்டும் ஸ்பீக்கர். பாட்டு தொடங்கியதும் ஆம்ப்ளிஃபையரையே அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதன் முனகல் மெதுவான இடங்களில் கேட்கும்.

கண்டன்சர் ஜோடியை பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த ஓஆர்டிஎஃப் முறையில் வையுங்கள்: இரு மைக் முனைகளுக்கும் இடையே 17 செ.மீ., வெளிநோக்கி விரிந்த கோணம் 110 டிகிரி. ஸ்டாண்டு நடத்துனருக்குப் பின்னால், உயரம் 3 மீட்டர், முகம் கடைசி வரிசைப் பாடகர்களை நோக்கி. உயரம் குறைந்தால் முன்னால் இருக்கும் வயலின் மட்டும் பெரிதாகக் கேட்கும். இந்த அமைப்பு சுமார் 96 டிகிரி அகலத்தைத்தான் இடவலமாக விரித்துக் காட்டும். குழு 8 மீட்டர் அகலத்தில் நின்றால் மைக் 3.6 மீட்டருக்குள் போகக்கூடாது. போனால் ஓரத்தில் நிற்பவர்கள் எல்லாம் ஒரே ஸ்பீக்கருக்குள் ஒட்டிக்கொள்வார்கள், நடு வெறுமையாகும். தூரம் கூடினால் எதிரொலி வார்த்தையை மூடிவிடும். 3.6-இல் தொடங்கி, ஒத்திகையில் அரை மீட்டர் அரை மீட்டராகப் பின்னால் நகர்த்தி, ஹெட்ஃபோனில் கேட்டு நிறுத்துங்கள்.

பாட்டு மைக் ஒன்றைத் தனிப்பாடகருக்கு முக்கால் மீட்டரில் வையுங்கள். கலக்கும்போது பிரதான ஜோடியைவிட 8 முதல் 10 டெசிபல் கீழே இருக்கட்டும். அதோடு அந்தத் தடத்தைத் தாமதிக்க வேண்டும். நம்ம ஊர் வெப்பத்தில் ஒலி மீட்டருக்குச் சுமார் 2.9 மில்லிநொடி எடுக்கும்; தனிப்பாடகர் மைக்கும் பிரதான மைக்கும் 4 மீட்டர் தள்ளி இருந்தால் 11.5 மில்லிநொடி. இதைச் செய்யாமல் விட்டால் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போல மெலிந்துவிடும்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். நான்கு தடத்துக்கு மணிக்கு 2.1 ஜிபி ஆகும். ஒத்திகையில் அல்லேலூயாவின் உச்சம் மைனஸ் 14 டெசிபலைத் தாண்டாமல் அளவு வையுங்கள், ஆட்கள் நிறைந்த இரவில் குழு இன்னும் உரக்கப் பாடும்.

தொண்டி_கன்டினுவோ

மைக் பற்றி மேலே சொன்னது சரி. நான் பாடும் பக்கத்தைச் சொல்கிறேன்.

கீபோர்டை நேராக ரெக்கார்டரில் மட்டும் செருகாதீர்கள். செல்லோவும் கீபோர்டும் சேர்ந்துதான் அடித்தளம். இரண்டும் ஒரே இடத்திலிருந்து கேட்க வேண்டும். சின்ன ஸ்பீக்கர் ஒன்றைச் செல்லோக்காரர் நாற்காலிக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில் வைத்து, அந்தச் சத்தத்தைப் பிரதான மைக்கே பிடிக்கட்டும். ரெசிடேட்டிவுக்கு (பேசுவது போலப் பாடும் பகுதி) ஹார்ப்சிகார்டு ஒலி, கோரஸுக்கு ஆர்கன் ஒலி போதும்.

டெனர் ஐந்து பேரை ஓரத்தில் தள்ளாமல் நடுவில், முதல் வரிசைக்கு அடுத்து நிறுத்துங்கள். "லிஃப்ட் அப் யுவர் ஹெட்ஸ்" கோரஸில் சோப்ரானோ இரண்டாகப் பிரியும், 11 பேரில் யார் எந்தக் குரல் என்பதை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். ட்ரம்பெட்காரர்களிடம் இருப்பது, எழுதியதைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும் பீ ஃபிளாட் கருவி என்றால் ஹேண்டலின் டி மேஜரை ஈ மேஜராக, நான்கு ஷார்ப்போடு வாசிக்க வேண்டும். மாற்றி எழுதிய தாளை மாதம் முன்னாடியே கொடுங்கள். அவர்களை ஓரமாக நிற்க வைத்து, குழல் வாய் மைக்கைப் பார்க்காமல் பக்கச் சுவரைப் பார்க்கட்டும்.

டைல்ஸ் தரையில் "ஆல் வீ லைக் ஷீப்" ஓட்டங்கள் குழம்பிப்போகும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிரித்துப் பாட வையுங்கள். கோவிலில் நின்று கை தட்டிப் பாருங்கள். டர்ரென்று அதிர்ந்தால் இரண்டு பக்கச் சுவரும் ஒன்றுக்கொன்று பேசுகின்றன. ஒரு பக்கச் சுவரில் ஜமுக்காளம் தொங்கவிட்டால் அது அடங்கும், வயலின்களுக்கு முன் தரையிலும் ஒன்று விரிக்கலாம்.

நேரடிப் பதிவை அதிகம் கெடுக்கும் இடம் அல்லேலூயாவின் முடிவு. கடைசி "அல்லேலூயா"வுக்கு முன் எல்லோரும் ஒருசேர நிற்கும் ஒரு நிசப்தம் வரும். அங்கேதான் மக்கள் கை தட்டிவிடுவார்கள். வழக்கப்படி அல்லேலூயாவுக்கு எழுந்து நிற்க விரும்புகிறவர்கள் அது தொடங்கும் முன்பே நின்றுவிட வேண்டும், நடத்துனர் கையை இறக்கும் வரை தட்டக்கூடாது என்று ஃபாதர் வாயால் சொல்ல வையுங்கள்.

கீழக்கரை_ரேடியோ

நாள் நல்ல நாள். மார்கழி வாடைக்காற்றில் இந்தப் பக்கம் எதையும் பதிய முடியாது. அந்தச் சனிக்கிழமை ஏப்ரல் 15-க்குப் பிறகு வந்தால் இன்னும் நல்லது, விசைப்படகுத் தடைக்காலம் தொடங்கியிருக்கும். நாட்டுப்படகு எஞ்சின் மட்டும் அவ்வப்போது கேட்கும். ஆனால் தடைக்காலத்தில் பகலில் படகு மராமத்து, கிரைண்டர் சத்தம் ஓயாது. ஒத்திகைப் பதிவையும் இரவிலேயே வையுங்கள். 1742-இல் டப்ளினில் முதல் அரங்கேற்றமும் ஏப்ரல் 13-தான் என்பதால் பருவமும் பொருத்தம்.

ஏப்ரலில் மக்ரிப் (மாலைத் தொழுகை) பாங்கு ஆறரையை ஒட்டி வரும், இஷா (இரவுத் தொழுகை) ஏழரைக்குப் பிறகு. பக்கத்துப் பள்ளிவாசலில் சரியான நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 6.45-க்குத் தொடங்கினால் இரண்டாம் பாகம் ஏறக்குறைய 55 நிமிடம். ஓரிரு தனிப்பாட்டைக் குறைத்தால் இஷா நேரத்தில் இடைவேளை வந்துவிடும்.

கண்டன்சர் மைக்குக்கு உப்புக்காற்றின் ஈரம் பகை. ஏசி காரிலிருந்து எடுத்து உடனே மாட்டினால் உள்ளே ஈரம் படிந்து பட் பட்டென்று வெடிக்கும். ஒரு மணி நேரம் பெட்டிக்குள்ளேயே கோவில் வெப்பத்துக்குப் பழகட்டும். பிறகு மாட்டி, அரை மணி முன்பே ரெக்கார்டரிலிருந்து மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுத்துவிடுங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் கட்டாயம். ரெக்கார்டர் பேட்டரியில் ஓடட்டும். கரண்ட் போய் மலிவு இன்வெர்ட்டருக்கு மாறினால் 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்துவிடும்.

பாம்பன்_பேஸ்

மிக்க நன்றி. ஃபேன் இல்லாமல் ஏப்ரலில் 300 பேர் உட்கார முடியுமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். பாதி வேகத்தில் ஓடவிட்டு, சத்தத்தை மென்பொருளில் எடுத்தால் ஆகாதா?

மண்டபம்_ஒலி

ஆகாது. சத்தத்தை நீக்கும் மென்பொருள் எதிரொலியின் வாலையும் சேர்த்துத் தின்றுவிடும். "ஹீ வாஸ் டிஸ்பைஸ்ட்" முழுக்க இடைவெளிதான்: ஆல்டோ இரண்டு சொல் பாடி நிறுத்த, வயலின் பதில் சொல்லும். அந்த இடைவெளியில் ஃபேன் கேட்டால் பாட்டே போய்விடும். பாதி வேகம் அதைவிட மோசம், திருகும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் மோட்டாரே முனகும், அந்த இரைச்சல் மைக் கம்பியிலும் ஏறும்.

6.40 வரை எல்லா ஃபேனும் முழு வேகத்தில் ஓடட்டும். தொடங்கியதும் குழுவுக்கு மேலும் முன்பாதியிலும் இருப்பவற்றை நிறுத்துங்கள். வாசல் பக்கத்து ஃபேன்கள் முழு வேகத்தில் ஓடலாம், மைக் முதுகு அந்தப் பக்கம்தான். காற்று வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, எதிர்ப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். இடைவேளையில் மறுபடி எல்லாம்.

தொண்டி_கன்டினுவோ

ஒட்டுவது பற்றி: முடியும், ஆனால் காலிக் கோவில் ஒத்திகையிலிருந்து எடுத்தால் பொருந்தாது. ஆட்கள் உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சும், காலியாக இருக்கும்போது எதிரொலி நீளும். ஒட்டிய இடத்தில் கோவிலே திடீரென்று பெரிதாகிவிட்டது போலக் கேட்கும். நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டத்தில் பாதிப் பேரையாவது 20 நிமிடம் உட்காரச் சொல்லி, மைக்கைத் தொடாமல், தவறிய இடங்களை மட்டும் மறுபடி பாடுங்கள். எந்த இடம் என்று ஒருவர் தாளில் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். தவறுக்கு எட்டு தாளக்கட்டு (பார்) முன்னாலிருந்து எடுங்கள், அப்போதுதான் வேகமும் மூச்சும் ஒத்துப்போகும். வெட்டுவது எப்போதும் எல்லாக் குரலும் சேர்ந்து விழும் பலமான அடியில், எதிரொலி தேயும் இடத்தில் வேண்டாம். கீபோர்டு 440 ஹெர்ட்ஸ் சுருதியில் நிற்பதால் சுருதி நகராது, வயலின்களை மட்டும் மறுபடி கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.