வெளிநாட்டு ஊழியத்தில் முதல் கிறிஸ்மஸ்: கடைசி இரண்டு வாரத்தை எப்படித் திட்டமிடுவது?

புதுவிதை (கேள்வி):
நவம்பரில் குளிர் நாடு ஒன்றுக்கு ஓராண்டு ஊழியத்துக்குப் போகிறோம். இரண்டு பேர், இருவருக்கும் வயது 20. பயணம், விசா எல்லாம் சபையில் பார்த்துவிட்டார்கள். டிசம்பர் கடைசி இரண்டு வாரம்தான் புரியவில்லை. அப்போது வீட்டுச் சந்திப்புக்கு யாரும் நேரம் தர மாட்டார்கள் என்கிறார்கள். அந்த நாட்களில் என்ன செய்வது? வீட்டுக்கு எவ்வளவு பேசலாம்? மணிக்கணக்கில் வெளியே நடக்க எதை உடுத்துவது? நாள், அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

மூத்தமேய்ப்பன்:
தம்பி, முதலில் போகிற நாட்டின் நாட்காட்டியைப் பாருங்கள். கிறிஸ்மஸ் எல்லா இடத்திலும் டிசம்பர் 25 இல்லை. செர்பியா, ஜார்ஜியா ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு ஜனவரி 7, ஆர்மீனிய சபைக்கு ஜனவரி 6. உக்ரைன் 2023இல்தான் அரசு விடுமுறையை டிசம்பர் 25க்கு மாற்றியது. ஜப்பானில் 25ஆம் தேதி சாதாரண வேலைநாள். குடும்பம் கூடுவது புத்தாண்டுக்கு. இது தெரியாமல் போட்ட திட்டம் முதல் வாரத்திலேயே உடைந்துவிடும்.

பண்டிகைக்கு முந்தைய பத்து நாளில் வேலை நிறைய இருக்கும். பாடல் ஆராதனைக்கு நாற்காலி போடுவதிலிருந்து முதியோர் இல்லச் சந்திப்பு வரை எல்லா சபையிலும் ஆள் தேவைப்படும். டிசம்பர் முதல் வாரத்திலேயே அங்குள்ள போதகரிடம் கேட்டுப் பெயர் கொடுத்துவிடுங்கள். முதியோர் இல்லத்துக்கு நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சளி, இருமல் இருந்தால் அன்று போகவே கூடாது. நான்கு பாடல் போதும், ஆனால் அந்த நாட்டு மொழியில், தாள் பார்க்காமல். மெட்டு ஏற்கெனவே தெரிந்த பாடல்களை எடுத்தால் உச்சரிப்பில் மட்டும் கவனம் வைக்கலாம்.

24 மாலை முதல் 26 வரை முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டாதீர்கள். குடும்பம் கூடியிருக்கும் நேரத்தில் போய் நின்றால் பிறகு அந்த வீட்டுக் கதவு திறப்பது கடினம். அதே நாட்களில் ஊருக்குப் போக முடியாத மாணவர்கள், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள், துணையை இழந்தவர்கள் தனியே இருப்பார்கள். அவர்களை 18ஆம் தேதிக்குள் அழைத்துவிடுங்கள். கடைசி நாளில் அழைத்தால் இரக்கப்பட்டுக் கூப்பிடுவதுபோல் ஆகிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வீட்டு ஏக்கம் வேலையின் நடுவே அதிகம் வராது. செய்ய எதுவுமில்லாத அறையில்தான் வரும். 25 பிற்பகல், 26 முழுதும், 31 மாலை: இந்த மூன்று இடைவெளிக்கும் ஒரு வேலையும் சந்திக்க வேண்டிய ஒருவர் பெயரும் முன்பே எழுதி வையுங்கள். அன்று பேருந்து ஓடுமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பல ஊர்களில் 24 மாலையே நின்றுவிடும்.

தொலைபேசி: பிற்காலப் பரிசுத்தவான்கள் (மோர்மன்) சபையில் முன்பு இளம் மிஷனரிகள் வீட்டுக்குப் பேசுவது கிறிஸ்மஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே. 2019 பிப்ரவரியில் வாரம் ஒருமுறை பேசலாம் என்று மாற்றினார்கள். எந்தச் சபைக்கும் அது நல்ல அளவு: ஒரே கிழமை, ஒரே நேரம். 25 அன்று நாள் முழுக்க வீடியோவைத் திறந்து வைத்தால் மனம் அங்கேயே தங்கிவிடும். 40 நிமிடம் பேசுங்கள். பேசி முடித்ததும் வெளியே கிளம்ப வேண்டிய வேலை ஒன்று காத்திருக்கட்டும்.

பனிநடை:
பிரதர், உடுப்பு பற்றி. உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; நடக்கும்வரை தெரியாது, நின்றதும் முதுகு சில்லிடும். மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளுடுப்பு 2 செட், நடுவில் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை), மேலே காற்று புகாத ஜாக்கெட்.

ஜாக்கெட்டுக்கே பணத்தை எல்லாம் போட்டுவிடாதீர்கள், பூட்ஸுக்கு மிச்சம் வையுங்கள். தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, விரல் அசைகிற அளவில் வாங்க வேண்டும். இறுக்கமான பூட்ஸில் இரண்டு காலுறை போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும்.

வீடு வீடாகப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். வெளியே மைனஸ் 10, உள்ளே 22 டிகிரி. ஜாக்கெட்டோடு அரை மணி உட்கார்ந்தால் வியர்க்கும், வெளியே வந்ததும் அந்த ஈரம் குளிரும். உள்ளே போனதும் ஃப்ளீஸையும் சேர்த்துக் கழற்றுங்கள். பூட்ஸ் நனைந்தால் ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், தோல் வெடிக்கும், பசை விடும். உள் அட்டையை எடுத்துவிட்டு செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரமானதும் மாற்றுங்கள்.

விரலோ காதோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். உள்ளே போய், விரலை 37 முதல் 39 டிகிரி நீரில் வையுங்கள். காதுக்கு அதே நீரில் நனைத்த துணி. உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள்.

அறையில் எரிவாயு, மண்ணெண்ணெய் அல்லது விறகு ஹீட்டர் இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. இருவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் வந்து, வெளியே போனால் தணிந்து, அறைக்குத் திரும்பியதும் மறுபடி வந்தால் அதைச் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். உடனே வெளியேறி அவசர எண்ணை அழையுங்கள். குளிர் வருகிறதென்று காற்றுத் துளையை அடைத்துவிடவே கூடாது.

கடிதப்பை:
விசாவைச் சபை பார்த்திருந்தாலும் அதில் எழுதியிருப்பதை நீங்களே ஒருமுறை படியுங்கள் தம்பி. சுற்றுலா விசாவில் ஊழியம் செய்வது பல நாடுகளில் விதிமீறல். ரஷ்யாவில் 2016 சட்டப்படி மிஷனரிப் பணிக்கு அமைப்பு கொடுத்த ஆவணம் கையில் இருக்க வேண்டும். குடியிருப்பு வீடுகளில் அந்தப் பணிக்குப் பொதுவாகத் தடை. தெருவில் பாடுவதற்கும் நகராட்சி அனுமதி வேண்டுமா என்று கேளுங்கள். தங்கும் அனுமதி ஜனவரியில் முடிகிறதென்றால் நவம்பரிலேயே விண்ணப்பியுங்கள்.

பார்சலை வீட்டார் நவம்பர் தொடக்கத்தில் அனுப்பட்டும். சுங்கப் படிவத்தில் ‘பரிசு’ என்று மட்டும் எழுதினால் நிறுத்தி வைப்பார்கள்; பொருள், எண்ணிக்கை, மதிப்பு தனித்தனியே வேண்டும். பவர் பேங்க் வைக்கக் கூடாது. இடமாற்றம் வரக்கூடியவர்கள் அறை முகவரியை விட ஊழிய அலுவலக முகவரி கொடுப்பது நல்லது.

புதுவிதை:
எல்லாருக்கும் நன்றி. பகல் ஆறு மணி நேரம்தான் என்கிறார்கள். அதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

பனிநடை:
நண்பகலில் தினமும் அரை மணி நேரம் வெளியே நடங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் அறை விளக்கைவிட வெளியே வெளிச்சம் அதிகம். போதவில்லை என்றால் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) ஒளிவிளக்கு, எழுந்ததும் 30 நிமிடம். கண் நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் அளவுக்கு மீறித் தூக்கம், எதிலும் விருப்பமின்மை என்று இருந்தால் விசுவாசக் குறைவு என்று எண்ணி மறைக்காதீர்கள், பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அவரும் விடுமுறையில் இருப்பார். அந்த நாட்களில் கிடைக்கும் எண்ணை 20ஆம் தேதிக்குள் வாங்கி இருவர் போனிலும் போட்டு வையுங்கள்.