கவுன்சிலரே சோர்ந்துபோனால்? போதை மறுவாழ்வு மையத்தில் உங்கள் அனுபவம்

மதுரைக்காரி:
அண்ணனை சென்டரில் சேர்த்த கதை இங்கே எல்லோர் வீட்டிலும் நடந்ததுதான், அதை விடுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு கல்யாணத்தில் மறுபடி குடித்துவிட்டான். மறுநாள் அவனே ஃபாலோ-அப்புக்குக் கிளம்பினான். கவுன்சிலர் ஃபைலைத் திறக்கவே இல்லை. அதன்மேல் பேனாவைத் தட்டிக்கொண்டே, "ம், இந்தத் தடவை என்ன காரணம்?" என்றார். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "ஒண்ணும் இல்ல சார், மாத்திரை வாங்க வந்தேன்." நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டாகிவிட்டது. குடித்ததைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தான்!

நிலா:
அவருக்குப் பரிந்து பேசவில்லை. ஆனால் நானும் அந்த வேலை பார்த்தவள். மானியம் தாமதமானால் சம்பளம் இல்லை. ராத்திரி யாராவது ஒருவரின் மனைவி போனில் அழுவார். காலையில் வார்டில், குடியை நிறுத்திய மூன்றாம் நாள், ஒருவர் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று அலறுவார். அது முடிந்த கையோடு எல்லோரையும் உட்காரவைத்துப் பேசும் குரூப் கவுன்சிலிங். அப்படி ஒரு நாள் பெயிண்டர் ஒருவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, "மேடம், சாப்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அன்று அவருக்குக் குடிக்கணும் போல இருந்திருக்கிறது. "நீங்களே டயர்டா இருந்தீங்க, எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்" என்றார், திரும்ப அட்மிட் ஆன பிறகு. 1974இலேயே ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் இலவச கிளினிக் ஊழியர்களைப் பார்த்து 'பர்ன்அவுட்', அதாவது வேலையால் வரும் இந்தச் சோர்வு, பற்றி எழுதிவிட்டார். எங்கள் சென்டரில் அதற்கு மருந்து டீதான்.

தெளிந்தவன்:
மதுரைக்காரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் கவுன்சிலர் தங்கமான மனுஷன், அவரிடமே நான் கூசாமல் பொய் சொன்னேன். கவுன்சிலர் முகத்தைப் பார்த்தா குடிக்கிறோம்? ஒன்று செய்யுங்கள், அண்ணனை ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு அனுப்புங்கள். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஆரம்பித்தது, கட்டணம் கிடையாது, அங்கே கேட்கிறவனும் குடித்தவன்தான். அப்புறம் அந்த மாத்திரை டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மருந்து) என்றால் அவனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடாதீர்கள். அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

மதுரைக்காரி:
சாம்பாரில் யார் கலந்தது? அவனே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான் ஐயா. நிலா, அந்தப் பெயிண்டரை வேறு கவுன்சிலரிடம் மாற்றினார்களா? அண்ணனுக்கும் அப்படிக் கேட்கலாமா என்று யோசிக்கிறோம்.

நிலா:
கேளுங்கள், தப்பே இல்லை. அவரையும் மாற்றினார்கள். அந்தப் புதுக் கவுன்சிலர் சில மாதத்திலேயே வேலையை விட்டுவிட்டார்.