ஹெட் ரீகண்டிஷனிங்: ‘புதுப்பித்தல்’ வேண்டாம், ‘தேற்றல்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய என்ஜின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடி வால்வுகளைத் தாங்கும் பாகத்தை, சோதித்து, சரிசெய்து, மறுபடி பூட்டும் ரீகண்டிஷனிங் வேலைக்குத் தமிழில் ‘புதுப்பித்தல்’ போதும் என்று இந்த இழையில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. உரிமத்தைப் புதுப்பிக்கலாம். ஹெட் அப்படிப் புதிதாவதில்லை. ஃபேசிங் போடும், அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமனாக்கும், ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் போய்விடுகிறது. எரியறையின் கொள்ளளவு குறைந்து அழுத்த விகிதம் ஏறும், வால்வும் பிஸ்டனை நெருங்கும். ஒரு கட்டத்துக்குமேல் சீவ இடமே இருக்காது.

கடலூர் முதுநகர்ப் பக்கம் படகு என்ஜின் ஹெட்டைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர் முதலில் கேட்பது, “அண்ணே, இது தேறுமா?” என்றுதான். காய்ச்சலில் கிடந்தவர் எழுந்தாலும் ‘உடம்பு தேறிவிட்டது’ என்கிறோம். இந்த வினையே நமக்குப் போதும். தானாகத் தேறுவது தேறு, நாம் தேற வைப்பது தேற்று. ஆகவே ரீகண்டிஷனிங் என்பது ‘தேற்றல்’. வேலை முடிந்தது ‘தேற்றிய ஹெட்’. ‘தேறல்’ என்று மட்டும் சுருக்க வேண்டாம், அது கள்ளின் தெளிவைக் குறிக்கும் பழைய சொல். ஆறுதல் சொல்வதும் தேற்றுவதுதானே என்று கேட்கலாம். ஆளைத் தேற்றுவதையும் ஹெட்டைத் தேற்றுவதையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

அதற்கு முந்தைய சோதனைக்குத் தனிச்சொல் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். காசு செலவாகும் முன்பே முடிவு எடுக்கும் இடம் அதுதான். ‘தேறாய்வு’ என்றால் தேறாத ஆய்வு என்றும் படிக்கலாம். பொன்னையும் நாணயத்தையும் சோதிப்பதற்கு நம்மிடம் ‘நோட்டம்’ இருக்கிறது. ‘தேறுநோட்டம்’ என்று வைப்போம்.

தேறுநோட்டத்தில் முதலில் பார்ப்பது விரிசல், குறிப்பாக இரண்டு வால்வு சீட்டுகளுக்கு (வால்வு மூடும்போது உட்காரும் வளையங்கள்) நடுவே. வார்ப்பிரும்பு என்றால் காந்தத்தூள் காட்டிக்கொடுக்கும். அலுமினியத்தில் அது பலிக்காது, சாயம் தடவித்தான் பார்க்க வேண்டும். நீர்வழிகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழி வருகிறதா என்று தெரியும். அப்புறம் நேர்ச்சட்டத்தை நீளவாக்கிலும் அகலத்திலும் இரண்டு மூலைவாட்டிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்ப்பார்கள். பல என்ஜின்களுக்கு 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள்தான் வளைவு இருக்கலாம். சரியான அளவை அந்தந்த என்ஜினின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். உப்புநீர் பட்ட அலுமினிய ஹெட் என்றால் நீர்த்துளைகளைச் சுற்றி அரிப்பும் இருக்கும். கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு) உட்காரும் இடம்வரை அரித்திருந்தால் தேறுவது கடினம்.

தேற்றலில் வரிசை முக்கியம். வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடை முதலில் மாற்ற வேண்டும், சீட்டை அதற்குப் பிறகுதான் வெட்ட வேண்டும். சீட் வெட்டும் கருவியின் தண்டு கைடுக்குள்தான் நிற்கிறது. தேய்ந்த கைடில் அதை நிறுத்தி 45 பாகையில் எவ்வளவு நேர்த்தியாக வெட்டினாலும் சீட் மையம் விலகித்தான் இருக்கும். கடைசியில் பேஸ்ட் போட்டு வால்வு அரைத்து, வால்வைப் பூட்டி, போர்ட்டுகளில் (காற்றும் புகையும் போகும் வழிகள்) மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவு பார்ப்பார்கள். இதற்கு ‘வால்வு அரைப்பு’ என்ற பட்டறைச் சொல்லே இருக்கட்டும். வால்வை ‘ஓரதர்’ என்று மாற்றினால் பட்டறையில் ஒருவருக்கும் புரியாது. ஹெட்டும் ஹெட்டாகவே இருக்கலாம் என்பது என் கருத்து.

இன்னொன்று தீராமல் இருக்கிறது. வால்வு சீட்டில் நாளடைவில் உள்வாங்கிவிடும் அல்லவா, டீசல் ஹெட்டில் அந்த ஆழத்தைத் தனியாக அளப்பார்கள். ‘வால்வு இறக்கம்’ என்று நான் எழுதிவருகிறேன். ஆனால் கேம் ஷாஃப்ட் வால்வைத் திறக்க அழுத்துவதையும் இறக்கம் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. புதுச்சேரி தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டுப் பக்கத்துப் பட்டறைகளில் இதை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.