கண்ணா, மனமா: முதலில் எதைப் பார்ப்பது?

மாங்குளத்தான்:
மனநோய் உள்ள ஒருவர் கண்ணில் பலத்த காயத்தோடு வந்தால் முதலில் ஆளை அமைதிப்படுத்த வேண்டும், கண் அதற்குப் பிறகுதான். திமிறுகிறவரைப் பிடித்து இமையை விரித்தால் கிழிந்த கண்ணுக்குள் இருப்பது வெளியே பிதுங்கிவிடும்.

வவுனியாத் தாதி:
அண்ணை, இமையை விரிக்கக் கூடாது என்பது சரி. ஆனால் கண்ணைப் பிறகு பார்க்கலாம் என்பது பிழை. கிழிந்த கண்ணை 24 மணித்தியாலத்துக்குள் தைக்கப் பார்ப்பார்கள். பிந்தினால் உள்ளே கிருமி பிடிக்கும். அதுவரை கடதாசிக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, விளிம்பு எலும்பில் தங்க, கண்ணில் முட்டாமல் ஒட்டிவிடுங்கள். பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டாதீர்கள், சொட்டு மருந்து விடாதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும், அதனால் தேத்தண்ணிகூட வேண்டாம். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி, வாந்தியை நிறுத்தும் மருந்து, ஆளை அமைதிப்படுத்தும் மருந்து எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை.

மாங்குளத்தான்:
தங்கச்சி, அந்தக் கோப்பையை அவர் பிடுங்கி எறிந்தால்? தைத்த கண்ணில் திரும்பவும் கை வைத்தால்? கண் வாட்டில் அதைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

வவுனியாத் தாதி:
அதற்குத்தான் மனநல வைத்தியர் அன்றைக்கே வரவேண்டும் என்கிறேன். தன் கண்ணைத் தானே காயப்படுத்தியவருக்கு மற்றக் கண்ணும் ஆபத்தில் இருக்கிறது. நோயால் காதில் கேட்கும் குரல் தையல் போட்டதால் நின்றுவிடாது. இரவு பகலாக ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தாயை மட்டும் இருத்திவிட்டுப் போவது காவல் இல்லை, அந்த மனுசி தூங்கவே மாட்டா.
இன்னொன்று, மனநோய் என்றவுடன் தானே செய்தார் என்று எழுதிவிடாதீர்கள். யாராவது அடித்தும் இருக்கலாம்.

முல்லைத்தீவுப் பொடியன்:
அக்கா, இங்கிருந்து ஏ9 வீதிக்கு ஏறவே நேரம் போய்விடும். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், சரி. போய்ச் சேரும் இடத்தில் கண் வைத்தியர், மனநல வைத்தியர் இரண்டு பேரும் இருப்பார்களா?

வவுனியாத் தாதி:
வண்டி வெளிக்கிட முதல் அதைப் போனில் கேட்கச் சொல்லுங்கள் தம்பி. குடிக்கிற மனநோய் மருந்துகளையும் மருந்துத் துண்டையும் கையோடு கொடுத்துவிடுங்கள். வீடு திரும்பிய பிறகும், மாதங்கள் கழித்தும், நல்ல கண் சிவந்தாலோ வெளிச்சத்துக்குக் கூசினாலோ உடனே கண் கிளினிக். காயப்பட்ட கண்ணால் மற்றக் கண்ணிலும் அழற்சி வருவது அரிது, ஆனால் வந்தால் இரண்டு கண்ணும் போகலாம்.

மாங்குளத்தான்:
அன்றைக்கே மனநல வைத்தியர் வரவேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரே தாதி முழு வாட்டையும் பார்க்கும் இரவில் பக்கத்தில் இருக்க ஆள் எங்கே?

வவுனியாத் தாதி:
மனநல வாட்டிலிருந்து ஒருவரை அனுப்ப வேண்டும் அண்ணை. அதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்போம்.