பேலுக்குள்ள கிடைச்ச பர்பெரிஸ் கோட்: எந்தக் காலத்துச் சாமான்?

உப்புவெளிக்காரி:

வணக்கம். திருகோணமலைச் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில பேல் உடுப்பு, அதுதான் மூட்டையா வாற வெளிநாட்டுப் பழைய உடுப்பு, விக்கிற கடை ஒண்டுக்கு நான் ஏழு வருசமாப் போறன். பேல் உடைக்கிற நாளெண்டா காலமை எட்டு மணிக்கே வாசலில நிப்பன். கண் பார்க்க முதல் கைதான் வேலை செய்யும். குவியலுக்குள்ள கையை விட்டுத் தடவிக்கொண்டே போனால் நைலோன், நைலோன், ரீசேட், திரும்பவும் நைலோன். திடீரெண்டு ஒரு துணி கனமா, குளிர்ச்சியா விரலில தட்டுப்படும். இழுத்தெடுத்து லேபிளைப் பார்க்கும் வரைக்கும் எனக்கு மூச்சு வராது. அப்பிடித்தான் ஒருக்கா 150 ரூபாய்க்கு லோரா ஆஷ்லி பூச்சட்டை கிடைச்சது. நல்ல பருத்தி, கழுத்தில சின்னச் சுருக்கு. இப்பவும் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போவன்.

போன சனிக்கிழமை கிடைச்சது அதைவிடப் பெரிசு. குவியலின்ர அடியில, கிழிஞ்ச போர்வை ஒண்டுக்குக் கீழ, மணல் நிறத்தில ஒரு கோட். முழங்காலுக்குக் கீழ வரும். முன்னுக்கு இரட்டை வரிசைத் தெறி, தோளில பட்டி, இடுப்புப் பட்டியில பித்தளை வளையங்கள். உள்ளுக்குச் சிப்பால கழட்டிப் பூட்டுற கம்பளி லைனிங்; அதில கறுப்பும் வெள்ளையும் சிவப்புமாக் கோடு ஓடுற அந்தக் கட்டம். லேபிளில ‘பர்பெரிஸ்’ எண்டு, மழைக்கோட்டுக்குப் பேர்போன இங்கிலாந்துக் கம்பனியின்ர பேர் கிடக்கு, கடைசி ‘ஸ்’ சரியாத்தான் வாசிச்சனான். கீழ ‘மேட் இன் இங்லண்ட்’. விலை 900 ரூபா. எங்கட ஊர் வெக்கைக்கு ஆர் கோட் வாங்குவினம்? ஒருத்தரும் தொடயில்லை.

வீட்ட கொண்டுவந்து விரிச்ச உடன அப்பா சொன்னார், வெள்ளைக்காரன்ர நேவி இஞ்ச இருந்த காலத்தில ஒபிசர் ஆரும் விட்டுட்டுப் போன கோட்டாத்தான் இருக்கும் எண்டு. அப்பாவின்ர அப்பா டொக்யாட்டில, நேவியின்ர கப்பல் திருத்துற இடத்தில, வேலை செய்தவர். அப்பாவுக்கு அப்பிடி நினைக்க விருப்பம், எனக்கும் விருப்பம்தான்.

இது உண்மையான பர்பெரியா? எந்தக் காலத்தது? மற்றது, லைனிங்கில பூஞ்சண மணம் அடிக்குது, கை மடிப்பில கறுப்புப் புள்ளியும் இருக்கு. தோய்க்கலாமா? அம்மா வாளியில ஊறப்போட வெளிக்கிட்டா. பறிச்சு வைச்சிருக்கிறன்.

வலயத்தில் 11 வருடம்:

தங்கச்சி, வாளிக்குக் கிட்டவும் கொண்டுபோக வேணாம்! நான் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தில கோட்டும் ஜக்கெட்டும் தைக்கிற தொழிற்சாலையில கியூசி, அதாவது தரம் சரிபார்க்கிற வேலை, பார்த்த ஆள். லேபிளை யாரும் அடிச்சு ஒட்டலாம், தையலைத்தான் நம்பணும். லைனிங்கைக் கழட்டி மேசையில விரிச்சு நடு முதுகுத் தையலைப் பாருங்க. ஒரு பக்கத்துக் கோடு மற்றப் பக்கத்துக் கோட்டோட நேரா சேருதா? கட்டம் பொருந்துற மாதிரி வெட்டினா துணி கூட முடியும், நேரமும் கூடப் போகும். கள்ளச் சாமான் தைக்கிறவன் அந்தச் செலவுக்குப் போறது அருமை.

பிறகு வெளித் துணியை ஜன்னல் வெளிச்சத்தில சரிச்சுப் பிடிங்க. மெல்லிய சாய்வு வரி ஓடணும். அதுதான் கபர்டீன், அந்தக் கம்பனியைத் தொடங்கின தோமஸ் பர்பெரி 1879ல கண்டுபிடிச்ச துணி. அதுக்கு முதல் ரப்பர் பூசின மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு ஆக்கள் உள்ளுக்குள்ளேயே வேர்த்து நனைஞ்சாங்க. அவர் நூலுக்கே தண்ணி ஒட்டாத பக்குவம் பண்ணி, அதை நெருக்கமா நெய்ய வைச்சார். மழை உள்ள போகாது, காத்து வந்து போகும். துணியோட வேலை தெரிஞ்ச எனக்கு இதை நினைச்சா இன்னும் ஆச்சரியம்தான்.

‘ஸ்’ இருக்கிறது நல்ல அடையாளம். அந்தக் கம்பனி 1999ல தான் ‘ஸ்’ஸை எடுத்துப்போட்டு பர்பெரி எண்டு மட்டும் வைச்சது. உள்ளுக்கு இன்னொரு சின்ன லேபிள் இருக்கணும், என்ன நூல் எண்டு எழுதினது. அதையும் பார்த்துச் சொல்லுங்க.

உப்புவெளிக்காரி:

அக்கா, கோடு நேராச் சேருது! முதுகில மட்டுமில்லை, தோளிலயும் சேருது. சாய்வு வரியும் தெரியுது. சின்ன லேபிள் பொக்கற்றுக்குள்ள கிடந்தது: வெளித்துணி பருத்தியும் பொலியெஸ்டரும் எண்டு வீதம் போட்டு எழுதியிருக்கு, லைனிங் முழுக்கக் கம்பளி. பக்கத்தில நூல்கண்டு சுத்தின மாதிரி ஒரு அடையாளம்.

பழைய வாத்தியார்:

மகள், அந்த நூல்கண்டுதான் உங்கள் கேள்விக்கு விடை. அதன் பெயர் வூல்மார்க், சுத்தமான கம்பளி என்பதற்கான முத்திரை. அது 1964 இல்தான் அறிமுகமானது. பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை 1957 இலேயே எங்களிடம் ஒப்படைத்துவிட்டது. ஆகவே இந்தக் கோட் தைக்கப்பட்டபோது இங்கே கோட்டுக்குரிய ஒபிசர் ஒருவரும் இருந்திருக்க முடியாது. அந்த வளையங்களும் கடற்படையை விடத் தரைப்படையைத்தான் ஞாபகப்படுத்துகின்றன. முதலாம் உலகப் போரில் பதுங்குகுழியில் நின்ற அதிகாரிகள் அணிந்த கோட்டின் வடிவம் இது. இதை டிரெஞ்ச் கோட் என்பார்கள்; டிரெஞ்ச் என்றாலே பதுங்குகுழிதான்.

நூல் வீதத்தை லேபிளில் எழுதும் கட்டாயம் பிரித்தானியாவில் 1970களில் வந்தது. அதையும் அந்த ‘ஸ்’ஸையும் சேர்த்துப் பார்த்தால் 1970களுக்கும் 1999க்கும் இடையில் தைத்தது என்பது என் கணிப்பு. அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். டொக்யாட் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த நாட்கள் பெரிய செல்வம். என் தகப்பனும் அங்கேதான் வேலை பார்த்தவர்.

என்னிடமும் ஒரு கைத்தறிச் சேட் இருக்கிறது, பழைய உடுப்புக் குவியலில் எடுத்ததுதான். கழுத்து லேபிளில் ‘மேட் இன் சிலோன்’. நாட்டின் பெயர் மாறியது 1972 இல். அதற்கு முன் யாரோ எங்கள் நாட்டுத் தறியில் நெய்து, வெளிநாடு போய், யாரோ அணிந்து, ஒரு மூட்டைக்குள் திரும்பி வந்திருக்கிறது. அதை நான் ஒரு நாளும் இஸ்திரி போடக் கொடுப்பதில்லை, நானேதான் போடுவேன்.

கிண்ணியா பேல் கடை:

அக்கா, நான் இதே தொழில்தான். குளிர் நாட்டு உடுப்பு எங்க ஏரியாவில ஓடாது எண்டு மூட்டையைப் பிரிச்ச உடனே கோட்டையெல்லாம் ஒரு மூலையில தள்ளிருவம். இனிமேல் எந்தக் கடைக்குப் போனாலும் அந்த மூலையை முதல்ல பாருங்க.

பூஞ்சணத்துக்கு: வெளியில கொண்டுபோய், மூக்கு வாயைத் துணியால கட்டிக்கிட்டு, காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டுங்க. வீட்டுக்குள்ள தட்டினா மற்ற உடுப்புக்கும் பரவும். பிறகு கம்பளி லைனிங்கை நிழலில காத்தாட விடுங்க. வெயிலில போட்டா நிறம் வெளிறும், கடற்கரைப் பக்கம் போட்டா உப்புக் காத்தில ஈரம் திரும்ப ஏறும். வெளித்துணிப் புள்ளிக்கு வினாகிரியில பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, வெள்ளைத் துணியால ஒத்தி எடுங்க, தேய்க்க வேணாம். முதல்ல உள் மடிப்பில ஒத்திப் பாருங்க. மிச்சம் டிரை கிளீனிங்.

பொலித்தீன் பையில மட்டும் கட்டி வைக்காதீங்க. நான் அப்பிடிக் கட்டி வைச்ச நல்ல கம்பளிக் கோட் ஒண்டு மாரி முடிஞ்சு எடுக்கக்குள்ள முழுக்கப் பச்சை. இண்டைக்கும் மனசு கேக்காது. பழைய பருத்திச் சாரியில சுத்தி, காய்ஞ்ச வேப்பிலையும் பூச்சி உருண்டையும் வையுங்க. கம்பளியைத் தின்னுற பூச்சி பருத்தியை விட்டுட்டு லைனிங்கைத்தான் தேடிப் போகும். மாரியில மாசத்துக்கு ரெண்டு தரம் எடுத்து உதறுங்க.

வித்துராதீங்க அக்கா.

உப்புவெளிக்காரி:

விக்க மாட்டன் நானா. நீங்க சொன்ன மாதிரியே செய்தன், புள்ளி முக்கால்வாசி போயிட்டுது. லைனிங் இப்ப அம்மம்மாவின்ர பழைய வொயில் சாரிக்குள்ள வேப்பிலையோட இருக்கு. கோட்டை மட்டும் வெளியில வைச்சிருக்கிறன். கார்த்திகை மழைக்கு ஸ்கூட்டியில போட்டுக்கொண்டு வேலைக்குப் போகத்தான்.

ஐயா, நேவி 1957இல போட்டுது எண்டு அப்பாவுக்குச் சொன்னன். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கயில்லை. பிறகு கோட்டைப் போட்டு, இடுப்புப் பட்டியையும் கட்டி, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால நிண்டார். தோள் அவருக்குச் சரியா இருக்கு, எனக்குத்தான் பெரிசு.

நானா, உங்கட கடையில அடுத்த பேல் எப்ப உடைக்கிறீங்க? அப்பாவும் வாறாராம்.