புதுப்பிப்பு: ‘ஆன் ஹிஸ் மெஜஸ்டிஸ் சர்வீஸ்’ உறையில் சிங்கமுகத் தபால்தலை – விடை கிடைத்தது

டெல்லி கரோல் பாக் வீட்டில் கிடைத்த தாத்தாவின் அலுவலக உறையில், ‘ஆன் ஹிஸ் மெஜஸ்டிஸ் சர்வீஸ்’ (பிரிட்டிஷ் மன்னரின் பணியில்) என்ற அச்சும், சுதந்திர இந்தியாவின் சின்னமான அசோகர் தூணின் சிங்கமுகம் பொறித்த ‘சர்வீஸ்’ (அரசு அலுவலகத் தபாலுக்கான) தபால்தலையும் சேர்ந்திருப்பது எப்படி, உறை போலியா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

போலி என்று கருதக் காரணமில்லை. அஞ்சல் முத்திரையின் தேதி அழிந்துவிட்டதால், தபால்தலையின் மதிப்பு பழைய அணாவிலா, பின்னர் வந்த நயா பைசாவிலா என்று பார்க்கச் சொன்ன அன்பரின் யோசனையே கைகொடுத்தது. மதிப்பு அணாவில் இருக்கிறது. சிங்கமுக சர்வீஸ் வரிசை 1950-இல் வெளியானது, நயா பைசா 1957 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது என்பதால், இத்தபால்தலை அந்த இடைக்காலத்துக்கு உரியது. குடியரசான பிறகும் கையிருப்பிலிருந்த பழைய உறைகளை அலுவலகங்கள் வீணாக்காமல் பயன்படுத்தித் தீர்த்தன. ‘ஆன் இந்தியா கவர்ன்மெண்ட் சர்வீஸ்’ என்று அச்சிட்ட உறைகள் பின்னர் அவற்றின் இடத்துக்கு வந்தன.

தாளுக்குள் பதிந்திருக்கும் நீர்க்குறியைக் (வாட்டர்மார்க்) காணத் தபால்தலையை நனைத்துப் பிரிக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. உறையோடு ஒட்டியிருக்கும் வரைதான் அது முழுமையான சான்று.

எதிர்பாராத ஒன்று: விளக்கொளியில் பிடித்தபோது, ஒட்டியிருந்த முகவரிச் சீட்டின் அடியில் வேறொரு முகவரி தெரிந்தது. வந்த உறையின்மீதே சீட்டு ஒட்டி மறுபடி அனுப்பும் சிக்கன வழக்கம் அரசு அலுவலகங்களில் இருந்தது. இவ்வுறையும் அப்படி இருமுறை பயணித்திருக்கிறது.