நாற்காலிப் புஷ், டிராயர் உருளை: எந்த இடத்துக்கு எந்தப் பிளாஸ்டிக்?

கேள்வி (குடியாத்தம்):
இரும்புக் குழாய் நாற்காலிகளும் படிப்பு மேசைகளும் செய்து விற்கிறோம். கால் புஷ் (குழாய்க் காலின் நுனியில் ஏற்றும் பிளாஸ்டிக் மூடி), டிராயர் உருளை, மொட்டை மாடி நாற்காலிகளின் கைப்பிடி மூடி ஆகிய மூன்றையும் ஒரே வியாபாரியிடம் வாங்குகிறோம்; எதைக் கேட்டாலும் "நைலான், உடையவே உடையாது" என்கிறார். ஆனால் கோடையில் சுத்தியலால் தட்டி ஏற்றும்போதே சில புஷ்கள் விளிம்பில் விரிசல் விடுகின்றன, ஐப்பசி மழையில் உருளைகள் இறுகிக்கொள்கின்றன, மூடிகளோ வெளுத்துப்போய், தேய்த்தால் விரலில் மாவாக ஒட்டுகின்றன. வேலூர் வெயிலைத் தாங்கும் பிளாஸ்டிக் எது?

பதில் 1 (இராணிப்பேட்டை, மோல்டிங் தொழில்):
ஐயா, மூன்று பழுதுகளுக்கும் காரணங்கள் வேறு வேறு. நைலான் தண்ணீரை உறிஞ்சும் பொருள்; நைலான் 6 முழுதும் ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் வரை நீரை ஏற்கும். அந்த ஈரம்தான் அதற்கு வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருகிறது என்பதால், அச்சிலிருந்து வந்த கையோடு காய்ந்த நிலையில் இருக்கும் புஷ்ஷை வறண்ட சித்திரை மாதத்தில் ஓங்கித் தட்டினால் அது விரிசல் விடுவதில் வியப்பில்லை. வெந்நீரில் சில மணி நேரம் ஊறவைத்துப் பிறகு ஏற்றிப் பாருங்கள். தொழிற்சாலைகளிலேயே நைலான் பாகங்களை இப்படிப் பதப்படுத்துவதுண்டு.

உருளை இறுகுவதற்கும் இதே ஈரம்தான் காரணம்: உருளை ஊதும்போது அச்சாணிக்கான துளையில் இடைவெளி குறைந்துவிடுகிறது. அந்த இடத்துக்கு அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கை வாங்குங்கள். கடைகளில் டெல்ரின் என்றே கேட்பார்கள். அது நைலானைவிட மிகக் குறைவாகவே நீரை ஏற்கும், உராய்வும் குறைவு. விலை கூடுதல்தான், ஆனால் டிராயருக்கு வேண்டியது சில உருளைகள் மட்டுமே.

மூடிகளைக் கெடுப்பது சூடு அன்று. மே மாதத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டினாலும், மூடி பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்காக இருந்தால் அது உருகுவதற்குச் சுமார் 165 டிகிரி வேண்டும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்தான் மேற்பரப்பை அரிக்கிறது. சூடு அதை விரைவுபடுத்துகிறது, அவ்வளவுதான். ஆகவே வெளியில் போடும் பொருளுக்குப் புற ஊதாத் தடுப்பு சேர்த்த பாலிபுரொப்பிலீனையோ, கார்பன் பிளாக் (நுண்ணிய கரித்தூள்) நன்றாகக் கலந்த கறுப்பு நிறத்தையோ கேளுங்கள்.

பதில் 2 (ஆற்காடு, தச்சு வேலை):
வியாபாரி சொல்வது நைலான்தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் பாலிபுரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் மிதக்கும், நைலான் மூழ்கும். சுண்ணாம்புத்தூள் அதிகம் கலந்த பாலிபுரொப்பிலீனும் மூழ்கக்கூடும் என்பதால், மூழ்கியதை மட்டும் திறந்த வெளியில் ஓரத்தில் கொளுத்திப் பாருங்கள்: நைலான் முடி கருகும் வாடை தரும், பாலிபுரொப்பிலீன் மெழுகுவர்த்தி அணைந்த வாடை தரும். டெல்ரினையும் பி.வி.சி.யையும் கொளுத்த வேண்டாம், புகை நச்சு.

இன்னொன்று, எல்லாக் கால்களுக்கும் நைலான் புஷ் தேவையில்லை. சொரசொரப்பான சிமென்ட் தரையில் நைலான் தேயாமல் நிற்கும். வீட்டுக்குள் மரப்பலகையோ பளபளப்பான டைல்ஸோ இருந்தால் மென்மையான பாலிஎத்திலீன் புஷ்தான் சத்தமில்லாமல் நகரும், கீறல் விழாது. சீக்கிரம் தேயும், மாற்றிக்கொள்ளலாம்.

குடியாத்தம்:
இருவருக்கும் மிக்க நன்றி. மேசை ஓரத்திலுள்ள ஏ.பி.எஸ். (இன்னொரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) மூடிகளில் படும் பெயின்டைத் தின்னர் கொண்டு துடைக்கலாமா?

இராணிப்பேட்டை:
வேண்டாம் ஐயா. தின்னர் ஏ.பி.எஸ்.ஸைக் கரைக்கும், துடைத்தபோது நன்றாகத் தெரிந்தாலும் திருகு இறுக்கிய இடத்தைச் சுற்றிப் பின்னர் நூலிழை போன்ற வெடிப்புகள் வரும். பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகே மூடியைப் பொருத்துங்கள். அழுக்குக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.